மகள் செயற்கைக் காலை அணிய மறுக்கிறாள்: குறை காலிலா, மனத்திலா?

லிந்துலை அப்பா (ஞாயிறு, இரவு 9.40)

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினொரு வயது நிறைந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. சென்ற ஆண்டு சித்திரையில் இடது முழங்காலுக்குச் சற்று மேலே வீக்கம் கண்டது. படியில் விழுந்ததால் வந்தது என்று எண்ணி, எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் தந்த மருந்தைப் பூசிக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் காலத்தைக் கடத்திவிட்டோம். இரவில் வலி தாங்காமல் அவள் எழுந்து உட்கார்ந்து அழத் தொடங்கிய பிறகே எக்ஸ்ரே எடுத்தார்கள். ஓஸ்டியோசார்கோமா என்ற என்புப் புற்றுநோய் என்றார்கள். முதலில் பத்து வாரங்கள் கீமோ மருந்து ஏற்றி, பிறகு தொடையின் நடுவில் காலை அகற்றி, மீண்டும் பல மாதங்கள் மருந்து ஏற்றினார்கள். மருந்து முடிந்து, இந்த ஆண்டு வைகாசியில் செயற்கைக் கால் கிடைத்தது.

முதல் இரண்டு மாதங்கள் அவள் ஆசையாக அணிந்தாள். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் தூணைப் பிடித்து நடந்து பழகி, பிறகு எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை யாரையும் பிடிக்காமல் நடந்தாள். அதன் பிறகு பாடசாலையிலிருந்து வந்ததும் கழற்றத் தொடங்கினாள். இப்போது மூன்று வாரங்களாகத் தொடுவதே இல்லை. வலிக்கிறது என்கிறாள், எங்கே என்று கேட்டால் எல்லா இடத்திலும் என்கிறாள். பிடிவாதம் என்று மனைவி நினைக்கிறாள். பிள்ளையை வருத்தாதே என்று என் தாயார் சொல்கிறார். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன. கொழும்புப் பக்கம் போய் வர இரண்டு பேருக்கு இரண்டு நாள் பேர், அதாவது நாட்கூலி, போய்விடும் என்பதால், முன்கூட்டியே போகவேண்டிய குறையா, ஆறுதல் சொல்லி நடக்கவைக்க வேண்டிய குறையா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கண்டி இயன்மருத்துவர் (ஞாயிறு, இரவு 10.15)

ஐயா, பதில் சொல்லும் முன் மூன்று விபரங்கள் வேண்டும். மருந்து முடிந்த பிறகு பிள்ளையின் நிறை எவ்வளவு கூடியிருக்கிறது? காலைக் கழற்றியதும் எஞ்சிய தொடையின் நுனித் தோல் என்ன நிறத்தில் இருக்கிறது? காலை அணியாத நேரத்திலும் இரவில் வலி இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்பது பதிலானால், அல்லது தொடையில் புதிய கட்டியோ வீக்கமோ இருந்தால், அல்லது விடாத இருமல் இருந்தால், செயற்கைக் கால் பற்றிய யோசனையை ஒதுக்கிவிட்டு நாளைக் காலையே புற்றுநோய் கிளினிக்குக்குப் போங்கள். ஓஸ்டியோசார்கோமா திரும்பி வரும்போது பெரும்பாலும் நுரையீரலுக்கே வருகிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வலி என்றதும் எல்லாரும் செயற்கைக் காலையே குறை சொல்லிக்கொண்டிருந்து காலம் தாழ்த்தக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மஸ்கெலியா தம்பி (திங்கள், காலை 7.05)

அண்ணா, உங்கள் மகளுக்காக மனம் வருந்துகிறேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. என்பை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே உலோகம் வைத்துக் காலைக் காப்பாற்றுவதாகப் படித்திருக்கிறேன். அதை ஏன் செய்யவில்லை? கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞருக்கு இதே நோயால் 1977இல் கால் போயிற்று; 1980இல் அவர் செயற்கைக் காலுடன் 143 நாட்கள் ஓடி 5,373 கிலோமீட்டர் கடந்தார். அந்தக் கதையை மகளுக்குச் சொல்லுங்கள். நிச்சயம் ஊக்கம் பெறுவாள்.

பதுளை அக்கா (திங்கள், மாலை 6.30)

மஸ்கெலியாத் தம்பிக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வியை என் பெற்றோரிடம் கேட்காத உறவினர் ஒருவரும் இல்லை. எனக்குப் பதினான்காவது வயதில் இதே நோய் வந்தது. கணைக்கால் என்பின் மேல் முனையில் கட்டி இருந்ததால் முழங்கால் மூட்டோடு காலை எடுத்தார்கள். இப்போது எனக்கு இருபத்தேழு வயது. உள்ளே உலோகம் வைப்பது நல்ல சிகிச்சைதான். ஆனால் கட்டி பெரிய இரத்தக் குழாயையும் நரம்பையும் சூழ்ந்திருந்தால் அதைச் செய்ய முடியாது. வளரும் பிள்ளைக்கு வைத்தால், கால் வளர வளர உலோகத்தை நீட்டவும் மாற்றவும் திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை வேண்டும். கிருமி தொற்றினால் அதனாலேயே காலை இழப்பவர்களும் உண்டு. மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: முழங்கால் பகுதியை அகற்றி, கீழ்க்காலைப் பின்புறமாகத் திருப்பித் தொடையோடு பொருத்துவார்கள், கணுக்கால் முழங்காலாக வேலை செய்யும். வியன்னாவில் சால்ஸர் என்ற வைத்தியர் 1974இல் அதை இந்த நோய்க்குச் செய்தார். எந்த வழி என்பதை அந்தப் பிள்ளையின் ஸ்கேனைப் பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும். முடிந்துபோன முடிவை ஒரு தகப்பனிடம் மீண்டும் கேட்பது அவருடைய தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது, தம்பி.

டெர்ரி ஃபாக்ஸை நானும் வணங்குகிறேன். ஆனால் அவருடைய தொடை இரத்தம் கசியக் கசிய ஓடினார் என்பதும் அந்தக் கதையில் இருக்கிறது. அதை என்னிடம் சொன்னபோது, வலியைச் சொல்வது கோழைத்தனம் என்று எடுத்துக்கொண்டு, பதினைந்து வயதில் தொடைக்குள் புண்ணை வைத்துக்கொண்டு இரண்டு மாதங்கள் வாய் திறக்காமல் இருந்தேன். புண் ஆற நான்கு மாதங்கள் ஆயின. உங்கள் மகள் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறாள். அதற்காக அவளைப் பாராட்டுங்கள்.

பட்டறையிலிருந்து (திங்கள், இரவு 9.20)

செயற்கை அவயவங்கள் செய்யும் பட்டறையில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பிள்ளையைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனாலும் தந்தை எழுதியிருக்கும் கால வரிசை எனக்கு மிகவும் பழக்கமானது.

கீமோ நடக்கும்போது பிள்ளை மெலிந்திருக்கும். மருந்து முடிந்த சில வாரங்களில் அளவு எடுத்தால், மெலிந்த தொடைக்கே சொக்கெட், அதாவது செயற்கைக் காலில் தொடை நுழையும் கிண்ணம் போன்ற பகுதி, அமையும். பிறகு பசி திரும்பும், பாட்டி ஊட்டுவார், பிள்ளை தேறும். அது எல்லாரும் வேண்டி நின்ற தேறுதல்தான். தேறிய தொடை பழைய சொக்கெட்டுக்குள் முழுவதும் இறங்காது. மேல்விளிம்பு அரைக்கும், நடுப்பகுதி இறுக்கும், நுனி மட்டும் அந்தரத்தில் நிற்கும். அடியில் தாங்கல் இல்லாமல் மேலே இறுக்கம் இருந்தால் இரத்தம் நுனியில் தேங்கி, தோல் கருஞ்சிவப்பாகும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அந்தப் பிள்ளை எல்லா இடத்திலும் என்றுதான் சொல்லும், ஏனென்றால் அதுதான் உண்மை.

பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நல்ல கால் வளர்வதால் செயற்கைக் கால் குட்டையாக வேண்டும். தொடை முழுவதும் இறங்காததால் அதே செயற்கைக் கால் நெட்டையாகும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து இடுப்பு சமமாகத் தெரியும். அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் நினைப்பார்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனையைச் சொல்கிறேன். ரொட்டிக்குப் பிசையும் மாவில் கோலிக்குண்டு அளவு உருட்டி, மெல்லிய பொலித்தீனில் சுற்றி, சொக்கெட்டின் அடியில் வையுங்கள். வழக்கம்போல் காலை அணிவித்து, பிடிமானத்தோடு நிற்கச் செய்து, அந்தக் காலில் பாரம் போடச் சொல்லுங்கள். கழற்றிப் பார்க்கும்போது மாவு தட்டையாகியிருந்தால் தொடை அடிவரை போகிறது. உருண்டை உருண்டையாகவே இருந்தால் இடையில் வெற்றிடம் இருக்கிறது. தொடைக்கு எத்தனை காலுறை போடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். சொக்கெட்டைச் சூடாக்கி விரிக்கவோ, விளிம்பைச் சீவவோ தயவுசெய்து யாரும் முயலவேண்டாம்.

பாதத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜெய்ப்பூர் பாதம் 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் இணைந்து உருவாக்கியது. ரப்பரால் ஆனதால் வெறுங்காலோடு நடக்கவும், சேற்றில் மிதிக்கவும் அதற்கு முடியும். கொழும்பு ஃப்ரெண்ட் இன் நீட் சொசைட்டி என்ற தொண்டு அமைப்பு 1985 முதலும், யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதலும் அந்தக் காலைத்தான் செய்து வந்திருக்கின்றன. பிள்ளைக்குக் கிடைத்திருப்பது சப்பாத்துக்கென்று செய்த பாதமானால், குதி உயரத்துக்கு ஏற்ப அதைச் சரிபார்த்திருப்பார்கள். லயத்தில் சப்பாத்தைக் கழற்றியதும் பிள்ளை பின்னால் சாயும். பாடசாலையில் நடக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் கழற்றுகிறாள் என்றால் இதையும் பார்க்க வேண்டும்.

லிந்துலை அப்பா (செவ்வாய், இரவு 8.50)

எல்லாருக்கும் நன்றி. இரவில் வலி இல்லை, இருமல் இல்லை, கட்டியும் தட்டுப்படவில்லை. மருந்து முடிந்த நாளில் இருபத்தாறு கிலோ இருந்தாள். நேற்று டிஸ்பென்சரித் தராசில் முப்பத்திரண்டு காட்டியது.

மாவு உருண்டையை வைத்தோம். ஐயா, அது போட்டபடியே திரும்பி வந்தது. பொலித்தீனில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தொடையின் நுனியில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குத் தோல் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. தொட்டால் சூடாக இருக்கிறது. மூன்று காலுறை போடச் சொல்லியிருந்தார்கள். ஐந்து மாதங்களாக அந்த மூன்றையும் தவறாமல் துவைத்துக் காயவைத்துப் போட்டுவந்தோம். சொன்னபடி செய்கிறோம் என்ற நினைப்பில் பிள்ளையின் தொடையை நாங்களே இறுக்கியிருக்கிறோம். மனைவி அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மகளிடம் போய், நீ சொன்னது சரிதான் பிள்ளை என்றாள்.

பட்டறையிலிருந்து (செவ்வாய், இரவு 9.30)

அந்த நிறம் மாறும் வரை காலை அணிவிக்க வேண்டாம், ஊன்றுகோலில் நடக்கட்டும். ஏழு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசி, சொக்கெட் சிறுத்துவிட்டது, நுனித் தோல் நிறம் மாறியிருக்கிறது என்று இந்த இரண்டு சொற்றொடர்களையும் அப்படியே சொல்லுங்கள். பிள்ளை நடக்க மறுக்கிறாள் என்று மட்டும் சொன்னால் அடுத்த முறை பார்ப்போம் என்பார்கள். மூன்று காலுறை என்பது முதல் நாளைய கணக்கு. தொடை பருக்கும்போது ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும் என்பதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது எங்களைப் போன்றவர்களின் கடமை. அதைச் செய்யாதது உங்கள் தவறு அல்ல.

இனி வரும் ஆண்டுகளுக்கும் ஒன்றை நினைவில் வையுங்கள். தொடை என்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் முழங்கால் பக்க முனையிலிருந்து வருகிறது. அந்த முனை போய்விட்டதால் மகளின் இடது தொடை இனி அதிகம் நீளாது, வலது தொடை நீண்டுகொண்டே போகும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது உயரம் கூட்டவும், ஒன்று ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை சொக்கெட் மாற்றவும் வேண்டிவரும். வளர்ச்சி நிற்கும் வரை இப்படித்தான்.

பதுளை அக்கா (புதன், காலை 6.10)

நான் இப்போது அணிந்திருப்பது ஏழாவது கால். இதைச் சொல்லும்போது சிலர் பரிதாபப்படுகிறார்கள். வளர்ந்தேன், அதனால் மாற்றினேன், அவ்வளவுதான்.

இங்கே மனத்தில் கிடந்து உறுத்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் செயற்கைக் கால் வழங்குவதற்கு மேடை போட்டு, மாலை அணிவித்து, படம் எடுக்கிறார்கள். அந்த நல்ல மனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளையின் கால் சிறுத்துப்போகும்போது படத்தில் நின்றவர்கள் யாரும் அங்கே இருப்பதில்லை. உதவ விரும்புகிறவர்கள் ஒரு காலுக்குக் கொடுக்கும் பணத்தை, ஒரு பிள்ளையின் ஐந்தாண்டுப் பயணச் செலவுக்கும் இரண்டு நாள் பேருக்கும் கொடுத்தால், அந்தப் பிள்ளை ஐந்தாண்டும் நடக்கும். என் தந்தை ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் உயரம், நிறை, காலுறை எண்ணிக்கை ஆகிய மூன்றையும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எழுதிவந்தார். உங்களால் இன்றே தொடங்க முடியும், அண்ணா.

கண்டி இயன்மருத்துவர் (புதன், இரவு 9.00)

சொக்கெட் பற்றிய விடயம் தெளிவாகிவிட்டது. புதிய கால் வரும் வரை தொடையைத் தயார்செய்ய வேண்டும். ஐயா, மகளைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, நல்ல காலை மடக்கி நெஞ்சோடு அணைக்கச் சொல்லுங்கள். எஞ்சிய தொடை கட்டிலில் படிகிறதா, மேலே எழும்புகிறதா?

லிந்துலை அப்பா (வியாழன், இரவு 8.15)

எழும்புகிறது. அடியில் என் முழுக்கையும் புகுகிறது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீக்கம் வடியட்டும் என்று தொடைக்கு அடியில் தலையணை வைத்தே படுக்கவைத்தோம், ஏறக்குறைய நான்கு மாதங்கள். அங்கே ஏதோ விளக்கினார்கள். சிங்களத்தில் வேகமாகச் சொன்னார்கள், கையில் தந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. தலையணையைக் காட்டியது மட்டும் எங்களுக்கு விளங்கியது. வைக்கச் சொன்னார்களா, வைக்க வேண்டாம் என்றார்களா என்பது விளங்கவில்லை.

கண்டி இயன்மருத்துவர் (வியாழன், இரவு 9.45)

வைக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தில் தடுத்திருக்கக்கூடிய குறை இது. தலையணை வைத்தால் இடுப்பு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். இறுகிய இடுப்போடு செயற்கைக் காலில் நிமிர்ந்து நிற்க முடியாது, முதுகு வளையும், பள்ளத்தில் இறங்கும்போது முழங்கால் மடிந்து தள்ளும். பதினொரு வயதில் இதைப் பெருமளவு திருப்ப முடியும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது நிமிடம் குப்புறப் படுக்கட்டும். படுத்தபடி வீட்டுப்பாடம் வாசிக்கலாம். தொடைக்கு அடியிலும் இரு தொடைகளுக்கு இடையிலும் தலையணை கூடாது. நாற்காலியில் மணிக்கணக்காக உட்காரவும் விடாதீர்கள்.

மலைநாட்டுக்கென்று நான் தனியாகக் கற்றுக்கொடுப்பது சரிவில் நடப்பது. மட்டமான தாழ்வாரத்தில் பயிற்சி முடித்த பிள்ளையை லயத்துக்கு அனுப்பினால், அங்கே மட்டமான இடம் என்று இருப்பது இஸ்தோப்பு மட்டுமே. படி ஏறும்போது நல்ல கால் முதலில் போக வேண்டும், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில் போக வேண்டும். செங்குத்தான சரிவில் நேராக இறங்காமல் பக்கவாட்டாகத் திரும்பி, செயற்கைக் காலைப் பள்ளத்துப் பக்கம் வைத்து, ஒவ்வோர் அடியாக இறங்கட்டும். மழை நாளில் ஒரு மாற்றுக் காலுறையைப் பையில் வைத்துவிடுங்கள்; ஈரக் காலுறை ஒரு மணி நேரத்தில் தோலை உரித்துவிடும். முழங்காலுக்குப் பூட்டு வைக்கும் வசதியைப் பற்றிப் பட்டறையில் கேளுங்கள். பூட்டினால் நடை அழகாக இராது. ஆனால் மழைக்காலப் படியில் நிச்சயமாக நிற்கும்.

இல்லாத பாதம் வலிப்பதாக மகள் எப்போதாவது சொல்லியிருக்கிறாளா? அது மனப்பிரமை அல்ல, மூளையில் உண்மையாகவே எழும் வலி. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்ணாடியைக் கொண்டு இதற்கு ஒரு பயிற்சியைக் கண்டார். நல்ல காலின் பிம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை இரு கால்களுக்கும் நடுவில் நிறுத்தி, நல்ல பாதத்தை மெல்ல அசைக்க வேண்டும். சிலருக்கு நன்றாகக் குறைகிறது. சுவரில் மாட்டும் நீளக் கண்ணாடி ஒன்று போதும்.

தோட்டப் பள்ளி ஆசிரியை (வெள்ளி, மாலை 4.40)

இழையை முதலிலிருந்து வாசித்தேன். இத்தகைய பிள்ளை ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். பெற்றோர் அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள நினைத்தார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. வகுப்பை மாடியிலிருந்து கீழே இறக்கினோம். இடைவேளை மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு தோழியுடன் அவளை அனுப்பினோம். முதல் நாளே காலைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்; ஒரு பாடவேளை முழுவதும் கேட்டார்கள், அவளே பதில் சொன்னாள், அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

இங்கே யாரும் சொல்லாத ஒன்று. இந்த நோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சில பிள்ளைகளின் காது கேட்கும் திறனைப் பாதிக்கிறது. உயர்ந்த ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். பாடத்தில் கவனம் இல்லை என்று அந்தப் பிள்ளையைக் கண்டித்த ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. காது சோதித்த பிறகுதான், அவளைப் பின்வரிசையில் அமர்த்தியது என் தவறு என்று அறிந்தேன். தந்தையே, மகளின் காதையும் ஒரு முறை சோதிக்கச் சொல்லுங்கள்.

மஸ்கெலியா தம்பி (வெள்ளி, இரவு 7.30)

அண்ணா, நான் முதலில் கேட்டதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு சிங்களமும் ஆங்கிலமும் தெரியும். கிளினிக் நாளைச் சொல்லுங்கள். அட்டனிலிருந்து உங்களோடு வந்து, அவர்கள் சொல்வதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் எழுதித் தருகிறேன்.

லிந்துலை அப்பா (பதினைந்து நாட்களுக்குப் பின், இரவு 9.10)

தொலைபேசியில் அந்த இரண்டு சொற்றொடர்களையும் சொன்னேன். அடுத்த வாரமே வரச் சொன்னார்கள். மஸ்கெலியாத் தம்பி சொன்னபடியே வந்தார். நுனித் தோலின் கறுப்பு மறைந்து, இப்போது வெளிர் சிவப்பாக இருக்கிறது. தொடைக்குப் பிளாஸ்டர் சுற்றிப் புதிய அச்சு எடுத்தார்கள். இளஞ்சூடாக இருக்கிறது என்று மகள் சொன்னாள், அசையாமல் நின்றாள். பூட்டு வைத்த முழங்கால் கேட்டோம், தருவதாகச் சொன்னார்கள். கழற்றிய அச்சின் உட்புறத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை மாவு தட்டையாகுமா என்று தொழில்நுட்பவியலாளரிடமே கேட்டாள். அவருக்கு விளங்கவில்லை. தம்பி சிங்களத்தில் விளக்கியதும், அங்கே களிமண் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லி அவளுக்கு ஓர் உருண்டையைக் கையில் கொடுத்தார்.

காது சோதனைக்குக் கடிதம் வாங்கியிருக்கிறோம். கொப்பியும் தொடங்கியாயிற்று, முதல் வரியை மகளே எழுதினாள்: உயரம் 138, நிறை 32, காலுறை என்ற இடத்தில் ஒரு கோடு. குப்புறப் படுப்பது அவளுக்குச் சலிப்பாக இருப்பதால், அவளுடைய தம்பியும் பக்கத்தில் குப்புறப் படுத்துச் சேர்ந்து வாசிக்கிறான். என் கை இப்போது தொடைக்கு அடியில் மணிக்கட்டு வரைதான் புகுகிறது.

எங்கள் லயத்திலிருந்து பாதைக்கு அறுபத்துமூன்று படிகள். முதல் இருபது படிகளுக்குப் பழைய தண்ணீர்க் குழாயை நட்டு, நானும் அயல் காம்பரா வீட்டுக்காரரும் கைப்பிடி போட்டுவிட்டோம். மீதிப் படிகளுக்காகத் தோட்டத்து அலுவலகத்தில் கடிதம் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போகும் பாதையிலும் ஒரு கைப்பிடி வேண்டும், முகம் கழுவத் தண்ணீரைத் தானே பிடித்துக்கொள்வேன் என்று மகள் கேட்டிருக்கிறாள். அங்கே குழாய் நட மண் பிடிக்காது, பாறை. நாளை ஞாயிறு, மூங்கில் வெட்டி வந்து கட்டிப் பார்க்கப் போகிறோம்.